எடப்பக்கம் பாரம் தாங்கலையாமுங்க

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு கையில் பிடித்ததெல்லாம் ஸ்பானர்தான். எழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை பிடிபடவில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிட்டர்கள் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

புளிய மரத்தடி வழக்கம்

ஜெர்மன்காரன் சண்டை வருவதற்கு முன்னால் நடந்தது இது. சேலத்தில் எங்கள் பட்டறையில் மோட்டார் சைக்கிள்களை உடையவர் விருப்பப்படி மாற்றிக் கட்டுவோம். ஹாண்டில்பாரை வளைப்பது, சைலன்சரை நீட்டுவது, டாங்கிக்கு வேறு வர்ணம் அடிப்பது, இடது பக்கத்தில் இன்னொருவர் உட்கார ஒற்றைச் சக்கரத்து சைடுகார் கோப்பது. சீமையிலிருந்து வந்த வண்டியை வந்தபடியே ஓட்டுவது எங்கள் வாடிக்கைக்காரர்களுக்குக் கௌரவக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் புதுச்சத்திரத்துக் காப்பிக் கடைக்கு எதிரே புளிய மரத்தடியில் கூடுவார்கள். ஒருவர் வண்டியை மற்றவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். ரிப்பேர் வந்தால் பார்ப்பதற்கு முதலாளி என்னையும் அனுப்பிவைப்பார்.

ஒருமுறை டாங்கி வர்ணத்தைப் பழித்ததில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. குறையை ஆளிடம் சொல்லக் கூடாது. வண்டியே சொன்னதாகச் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, உங்க வண்டிக்குக் கழுத்து சுளுக்கிருச்சாமுங்களே?"

"அப்படீங்களா? எண்ணெய் போட்டு நீவி உடறேனுங்க."

ஹாண்டில்பார் கோணல் என்று அர்த்தம். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் கோணல் நேராகியிருக்கும். அந்த 'ஆம்' போட்டுச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. வேலை செய்த பிட்டர் நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பதும் வழக்கம். என் சுபாவத்துக்கு அது வசதியாக இருந்தது.

கவுண்டர் கேட்ட கதவு

பனமரத்துப்பட்டிப் பக்கத்து விவசாயி ராமசாமிக் கவுண்டர் எங்கள் வாடிக்கைக்காரர். அவர் மனைவி நல்லம்மாளுக்குக் கனத்த உடம்பு, முட்டி வலி. பஸ் படியில் ஏற முடியாது. வாழப்பாடியில் இருந்த தங்கையைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"மாரி, அவளுக்குக் காலைத் தூக்கிப் போட்டு சைடுகார்ல ஏற முடியாது. ஊட்டுக்குள்ள போறாப்பல போயி உக்காரோணும். முடியுமா?" என்று கவுண்டர் கேட்டார்.

முடித்தேன். பக்கத் தகட்டை வெட்டிக் கதவு வைத்தேன். தரையை இறக்கினேன். சீட்டை அகலப்படுத்தினேன். தரையை இறக்கியதால் சைடுகாரை வண்டியோடு பிடிக்கும் கிளாம்புகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. கிளாம்பை மாற்றினால், வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக ஓடுமா என்று லைன் பார்க்க வேண்டும். அதற்கு, உட்காரப் போகிறவரையே உட்கார வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு பெண்பிள்ளையை வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். எவ்வளவு கனம் இருப்பார்கள் என்று கவுண்டரைக் கேட்கவும் கூச்சம். காலி வண்டிக்கே பலகையும் நூலும் பிடித்து லைன் பார்த்து, போல்ட்டை முடுக்கிவிட்டேன்.

வண்டியை எடுத்துப்போக நல்லம்மாளும் வந்திருந்தார். கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் திறந்து மூடினார்.

"சத்தமே இல்லையே சாமி! இனி எந் தங்கச்சி 'அக்கா வரவே மாட்டேங்கறா'ன்னு சொல்ல முடியாது."

அந்த ஞாயிறு

கவுண்டர் நல்லம்மாளைப் புதுச்சத்திரத்துக்குக் கூட்டிவந்தார். மரத்தடிக்கு ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கடைக்காரர் காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லம்மாள் சைடுகார் கதவைப் பிடித்தபடி நின்று குடித்தார்.

அருளப்பன் என்று ஒருவர் உண்டு. பஸ் கம்பெனி மெக்கானிக். மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டு நேரே மரத்தடிக்கு வருவார். யாரையும் கடிந்து பேசாதவர். கவுண்டர் வரும்போதே வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு வந்ததை அவர் பார்த்திருக்கிறார். டயரைத் தடவினார், கிளாம்பைக் குனிந்து பார்த்தார், வழக்கப்படி சொன்னார்:

"வண்டிக்கு எடப்பக்கம் பாரம் தாங்கலையாமுங்க."

வழக்கப்படி எல்லோரும் சிரித்தோம்.

நல்லம்மாள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். கவுண்டருடைய முகம் மாறியது.

"ஆரு சொன்னது?" என்றார்.

அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று அருளப்பன் நினைத்துவிட்டார்.

"வேற ஆரு? சொமக்கறவங்கதானுங்க!"

மறுபடியும் சிரிப்பு. சுமக்கிறது வண்டி என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் வழக்கம் அந்த அம்மாளுக்குத் தெரியாது. நல்லம்மாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, கதவை மூடிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தினார். கவுண்டர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

குறை சொன்னது என் வேலையை. "அம்மா, கிளாம்பைச் சொல்றாருங்க, நான் பண்ணின தப்புங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிட்டர் பேசக் கூடாது என்ற வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

கழற்றியது

சில நாள் கழித்துக் கவுண்டர் பட்டறைக்கு வந்தார்.

"இந்த சைடுகாரைக் கழட்டி வெச்சுக்க மாரி."

நான் தட்டுத்தடுமாறி கிளாம்பு, லைன் எல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? ஊட்டுக்குப் போற வழியெல்லாம் எடக்கைப் பக்கம் இழுத்துச்சே. அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'எம் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றீங்க'ங்கறா. 'வண்டியச் சொன்னா, என்ன ஏன் பாத்துச் சிரிச்சாங்க?'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

 நாங்கள் சைடுகாரைப் பார்த்துத்தான் சிரித்தோம். அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நானும் அருளப்பனும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். நல்லம்மாள் மோர் கொடுத்தார். அருளப்பன் கையைக் கூப்பி, "தாயி, சத்தியமா வண்டியத்தாஞ் சொன்னேன்" என்றார்.

"அட, அதையெல்லாம் நான் மனசுல வெக்கலீங்க சாமி. மோரு குடிங்க. உப்புப் பத்துதுங்களா?" என்றார். தங்கை வீட்டுக்கு எப்போது போகிறீர்கள் என்று அருளப்பன் கேட்டார். "போலாமுங்க" என்றார். அவ்வளவுதான்.

கிளாம்பைச் சரிசெய்து வைத்தேன். யாரும் எடுத்துப்போக வரவில்லை. மரத்தடிக்குக் கவுண்டரும் பிறகு வந்ததில்லை. சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபோது வண்டியை விற்றுவிட்டார். சைடுகாரை வெற்றிலை வியாபாரி ஒருவர் வாங்கினார். கட்டுகள் சரிந்து விழாமலிருக்கக் கதவை அடைத்துத் தரச் சொன்னார். நான் வைத்த கதவை நானே வெல்டிங் அடித்து மூடினேன்.

நல்லம்மாள் அதன் பிறகு வாழப்பாடிக்குப் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அவர் தங்கைதான், அக்கா இறந்த பிறகு, பனமரத்துப்பட்டிக்கு வந்து போனாராம்.

புது பிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். சைடுகார் வேலை வந்தால், அதில் உட்காரப் போகிறவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். உட்கார வைத்து லைன் பாருங்கள். கனத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். குறை உங்களுடையது என்றால், யார் என்ன வழக்கம் வைத்திருந்தாலும், அங்கேயே அப்போதே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்கிற உண்மை சமாதானம் மாதிரித்தான் கேட்கிறது.

விய வருஷம், மாசி மாதம் 10-ந் தேதி எழுதி முடித்தது.