ஆஸ்பத்திரியிலை நான் சொன்ன ஒரு சொல்

சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழத் தோல் வாசமும் பெயின்ற் மணமும்...
லிபெர்த்தாத் தெருவிலை அந்த வீட்டுக் கதவைத் திறந்தாலே அதுதான் முதல் வரும். சாப்பாட்டு மேசையிலைதான் ஊர்வலத்துக்குப் பனர் எழுதுறவை.

லேயா, நொயெமி. ரெண்டு பேரும் யூதச் சனம். லேயா புருசனை இழந்தவ, நொயெமி ரீச்சராய் இருந்து பென்சன் எடுத்தவ. அறுபது தாண்டித்தான் ஒராளை ஒராள் விரும்பினவை. ஒளிச்சு வாழ்ந்தது போதும் எண்டு, கூட்டம், ஊர்வலம் எண்டு ஒரே திரிச்சல். நான் அங்கை ஆறு வருசம் வீட்டு வேலை செய்தனான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெண்டு மெழுகுதிரி கொளுத்தி, கண்ணைப் பொத்திக்கொண்டு நிப்பினம். முதல் கிழமை, நெருப்புப் பயத்திலை நான் ரெண்டையும் அணைச்சுப்போட்டன். ஐயோ! அது தானா எரிஞ்சு முடியவேணுமாம். லேயா சிரிச்ச சிரிப்பு...

"கல்யாணம் எண்டு இல்லாட்டிலும், உங்களுக்குப் பதிவு எண்டு ஒண்டு வந்திட்டுதே, சட்டப்படி பதியுங்கோவன் சிஞ்ஞோரா" எண்டு ஒருநாள் கேட்டன்.
"முழுக் கல்யாணமாத் தரட்டும். அரைவாசி எங்களுக்கு வேண்டாம்" எண்டா லேயா. பிடிவாதக்காரி.

அண்டைக்கு நொயெமி பொலிதேயாமாச் சதுக்கத்திலை, ஊர்வலத்திலை. லேயா குசினிக்கை விழுந்திட்டா. அம்புலன்சிலை நான்தான் கூடப் போனன்.

நொயெமியைக் கூப்பிடச் சொல்லி நம்பரைக் குடுத்தன். "இவவோடை ஒரே வீட்டிலை இருக்கிற அந்தச் சிஞ்ஞோரா இவவுக்கு என்ன முறை?" எண்டு ஆஸ்பத்திரியிலை கேட்டினம்.

பெர்மெஸ்ஸோவுக்காக, அதுதான் இந்த நாட்டிலை இருக்கிற விசாவுக்காக, கந்தோர் கந்தோரா நிண்டு பழகின ஆள் நான். கேட்டதுக்கு மட்டும், சின்னதாப் பதில். கூடக் கதைச்சால் வில்லங்கம். அதோடை, அவையின்ரை வீட்டு விசயத்தை நான் ஏன் வெளியிலை சொல்லுவான் எண்டும் நினைச்சன்.

"சிநேகிதி" எண்டன். எழுதிப்போட்டினம். பாழாய்ப்போன வாய்!

நொயெமி கழுத்திலை விசில் தொங்கத் தொங்க ஓடிவந்தா. சொந்தக்காரரைத்தான் உள்ளை விடுவம் எண்டு மறிச்சினம். கத்தினா, கெஞ்சினா. எழுதின கடதாசியைக் காட்டிச்சினம். பிறகு நான் எவ்வளவு சொல்லியும் எடுபடேல்லை.
லேயான்ரை பெறாமகன், தங்கச்சியின்ரை மோன், மிலானிலை இருந்து வந்து இறங்க முதல் அவ போயிட்டா. தனிய.

நொயெமி தன்ரை சேட்டுக் கழுத்தைப் பிடிச்சுக் கிழிச்சா. அவையின்ரை முறையிலை புருசன், பெண்சாதி, தாய்தகப்பன், பிள்ளையள், சகோதரங்கள்தான் அப்பிடிக் கிழிக்கிறதாம். அவ ஆரையும் கேக்கேல்லை. என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை. ஏசியிருக்கலாம்.

வீடு பெறாமகனுக்குப் போச்சு. நொயெமி இப்ப வயோதிபர் இல்லத்திலை. ஊர்வலத்துக்கு வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டால், "ஆருக்காண்டி?" எண்டு கேக்கிறா.

அப்ப அவை கை கோத்துக்கொண்டு போனால் சனம் நிண்டு பாக்கும். இப்ப பொலிதேயாமாவிலை பெட்டையள் அப்பிடிப் போகினம், ஒருத்தரும் திரும்பியும் பாக்கினமில்லை. நல்லதுதான்... ஆனால் எனக்கு நெஞ்சு பத்தி எரியுது.

இப்ப ஆரும் கேட்டால் "பெண்சாதி" எண்டு சத்தமாச் சொல்லுவன்.

ஆர் கேக்கினம்?