மஞ்சள் தோட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

நாமகிரிப்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு குடோனில் ஓர் ஓவியரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், முழங்கை வரை பச்சை வண்ணம். ட்ரோனில் எடுத்த படத்தைப் பார்த்து, தரையில் விரித்த பெரிய துணியில் எங்கள் ஊரை வரைந்துகொண்டிருந்தார். அடிக்கடி ஏணியில் ஏறிக் குனிந்து பார்ப்பார்.

என்னையும் ஏறச் சொன்னார். கிணறு, தென்னை, வரப்பு, எங்கள் மஞ்சள் தோட்டமேதான். தோட்டத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"அது என்னங்க?"

"யாரோ ஒரு அக்காங்க. ட்ரோனைப் பாத்து ரெண்டு கையையும் ஆட்டுனாங்க. நான் ஆளுங்களை வரையறதில்லீங்க. இவங்களை மட்டும் விட்டுட மனசு வரலீங்க."

"அது நாந்தானுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். பிறகு மெல்லிய தூரிகையை எடுத்து, அந்தப் புள்ளிக்கு இரண்டு கைகள் வரைந்தார்.

ஏணியை விட்டு இறங்கவே எனக்கு மனமில்லை. அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.