ஒரு மழைக்கு நிற்க வேண்டிய கூடாரம்

வட்டக் கூடாரம் கட்டக் கற்றுக்கொள்ளப் போன கதையை எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருமே தோட்டத்தில் ஒன்று கட்டிப்போட்டு, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தங்க நினைப்பவர்கள். நாங்கள் போனது அதற்கில்லை. தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளிக்குத் தறிகள் நின்ற வாரத்தில், என் அண்ணன் மூச்சுவிட ஓர் இடம் தேடிப் போனோம். சந்தோஷமான பயணம் படிக்க வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அண்ணன் சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். பஞ்சுத் தூசி வருடக்கணக்காக நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. தறி பக்கமே இருக்காதீர்கள், இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே வாய்க்கால் ஓரம் அண்ணியின் அப்பா கொடுத்த துண்டு நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வீடு கட்ட வசதியில்லை.

அந்த நேரத்தில்தான் ஜோசப் என்பவரைப் பற்றிக் காதில் விழுந்தது. கோபிப் பக்கத்துச் சர்ச் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறவர். மங்கோலியாவில் ஆடு மேய்ப்பவர்கள் தங்கும் யூர்ட் என்ற வட்டக் கூடாரத்தை மூங்கிலில் கட்டக் கற்றுக்கொடுக்கிறார், கரண்டு வேண்டாம், கைச்சாமான்களே போதும் என்றார்கள். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். அண்ணி ஒன்றுதான் சொன்னார்: "ஒரு மழைக்கு நிக்கட்டுங்க. நின்னுச்சுன்னா தறிய வித்துப்போட்டு நானும் வாரேன்."

அண்ணன், அண்ணி, நான் மூவரும் கிளம்பினோம். அவிநாசியில் பஸ் மாறி, நம்பியூர் வழியாகக் கோபி. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் என்பதால் கைரம்பம், கை டிரில், உளி எல்லாம் என் பையில். அண்ணன் தோளில் வெளுக்காத காடாத் துணியில் பெரிய கட்டு, அவர் தறியிலேயே நெய்தது.

"ஏனுங்க, அந்தக் கட்டுக்குள்ள என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"ஊடுங்க," என்றார் அண்ணன்.

"ஊடுன்னாலும் லக்கேஜ் போடோணுங்க."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நம்பியூர் வரும்வரை நிற்கவில்லை.

ஜோசப் வீடும் வாய்க்கால் ஓரம்தான்; அவர் வாசலில்தான் கட்டினோம். வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக்கி, கணுக்களைச் சீவி, ஒரே இடைவெளியில் துளை போட்டு, குறுக்கும் நெடுக்குமாக வைத்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட வேண்டும். பேங்க் வாசலில் இழுத்து மூடும் இரும்புக் கேட்டைப் போல அது விரியும், சுருங்கும். அதுதான் சுவர். பன்னிரண்டடி அகலத்துக்கு வட்டமாக நிறுத்தி, வாசலுக்கு ஒரு நிலை வைத்து, உச்சியில் பழைய சைக்கிள் ரிம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தால், கூரைக் கம்புகள் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரிம்மை நான் பிடித்தேன். கம்புகளைச் சொருகியது அண்ணன். எனக்குக் கழுத்துவலி மறுவாரம் வரை இருந்தது.

வாய்க்கால் காற்று அண்ணனுக்கு ஒத்துக்கொண்டது. வீட்டில் தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே தூங்குகிறவர், ஜோசப் வீட்டு வராந்தாவில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அண்ணி அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

துணிக்கு வந்தபோது ஜோசப் மெதுவாக ஆரம்பித்தார். "நாங்க கேன்வாஸ் கித்தான்தானுங்க போடறது."

"வெண்ணெய கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு எதுக்குங்க அலையோணும்? இது என்ற சொந்தத் தறித் துணிங்க."

ஜோசப் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "துணியப் பத்தி உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று முடித்துவிட்டார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. அடுத்தவர் தொழிலில் குறை சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வது மேல்.

அண்ணன் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அளந்து வெட்டி, கூரையையும் சுவரையும் ஒன்றாகத் தைத்து, இறுக்கிக் கட்டினார். பழுப்பு வெள்ளையில் பளிச்சென்று நின்றது. அவ்வளவு அழகான பொருளை நாங்கள் அதற்கு முன் செய்ததில்லை.

மறுநாள் மாலை மழை பிடித்தது. அண்ணனும் நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அண்ணன் என் முதுகில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் துணி விறைத்தது. மூங்கிலில் ஒன்று படாரென்று முறிந்தது. பின்னாலேயே இன்னொன்று. கூரை தலையைத் தொட இறங்கியது. நிலை நெருங்கி, கதவு திறக்கவில்லை. ஈரத்தில், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசம் துணியிலிருந்து குப்பென்று கிளம்பியது. தறிக்கூடத்தின் அதே வாசம். அண்ணனுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

வெளியிலிருந்து அரிவாளால் தையலைக் கிழித்து எங்களை வெளியே எடுத்தது அண்ணிதான். அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்து, மூச்சு திரும்பும்வரை நெஞ்சைத் தடவிக்கொண்டேயிருந்தார். மழையில் நனைந்தபடி ஜோசப், "காடா சுருங்குமுங்களே, நான் சொல்லியிருக்கோணுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தறியிலிருந்து இறங்கிய பச்சைக் காடா தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பது துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். ஆனால் அண்ணன் நெய்த துணி தறியிலிருந்து மடிப்பு கலையாமல் வியாபாரியிடம் போய்விடும். அத்தனை வருடத்தில் தன் துணியை ஒருநாள்கூட அவர் நனைத்துப் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "நிக்கலையே கண்ணு." தீபாவளி விடுமுறை முடிந்து தறி ஓடியது. நான்கு வருடம் கழித்து, ஒரு மார்கழியில், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்தார்.

கட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடிந்தால் கித்தான் வாங்குங்கள். காடாதான் என்றால் ஒரு ராத்திரி ஊறவைத்து, கஞ்சி போக அலசி, வெயிலில் காயவைத்து, இன்னொரு முறையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரியைத் தொடுங்கள். மூங்கில் நன்றாக முற்றியதாக இருக்கட்டும். ஐப்பசியில் போகாதீர்கள். கற்றுக்கொடுப்பவர் வாயெடுத்து நிறுத்தினால், விடாதீர்கள், கேளுங்கள்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, தறிக்கூடத்து ஜன்னலில் சாரலுக்குக் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். கூடாரத் துணிதான். எத்தனையோ மழையில் நனைந்தது. அன்று சுருங்கியதோடு சரி, அதற்குமேல் ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை என்றார் அண்ணி.

"அண்ணன் மறுபடியும் கட்டலாம்னு சொல்லவே இல்லீங்களா?" என்றேன்.

"இல்லீங்க தம்பி. தோத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டார். என்ற மொகத்தப் பாக்கக்கூட அவருக்குச் சங்கடம்." அண்ணி துணியின் ஓரத்தைப் பிடித்து நீவினார். "ஒரு மழைக்கு நிக்கோணும்னுதானுங்க சொன்னேன். அந்த மழைக்கேன்னு நான் சொல்லலீங்களே."