மஞ்சள் வைத்த பன்னிரண்டு வார்த்தைகள்

புதிதாக எது வாங்கினாலும் பாலசுந்தரம் அண்ணனுக்கு மஞ்சள் வைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜ், மிக்ஸி, சுவரில் மாட்டிய கரண்ட் மீட்டர் எதுவும் தப்பியதில்லை. அரியலூர் சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருஷம் அவரோடு எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஆயுத பூஜையில் டெஸ்டருக்குப் பொட்டு வைத்தால், அது காயும்வரை எங்களைத் தொட விடமாட்டார்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஆறு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தார். அனுசுயா அண்ணிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. திருச்சியில் ஆபரேஷன் செய்வதாகத் திட்டம். அதற்குள், ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று ஒரு வாட்ஸப் குழு ஆசை காட்ட, அத்தனையையும் கிரிப்டோவில் போட்டுவிட்டார். என்னிடம் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

அந்தப் பணத்துக்குச் சாவி பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள். யாருக்கும் காட்டாதே என்று செல்போனே எச்சரித்திருக்கிறது. மனுஷர் அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டார். 'இன்று வளர்பிறை முகூர்த்தம். அனைவரும் வாழ்த்தவும்.' குழுவை நடத்திய ஆலோசகர் கும்பிடும் கை இரண்டு அனுப்பினார். கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது.

நாலு நாள் அண்ணன் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் வேறொருவன் போன் செய்தான். நாற்பதாயிரம் கட்டினால் மீட்டுத் தருவானாம். அதற்காக அண்ணன் அண்ணியின் வளையலைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அண்ணி கத்தவில்லை. "ஒரு திருடன் கொண்டுபோனத இன்னொரு திருடன்கிட்டயா கேப்பாங்க? கெளம்புங்க, போலீசுக்குப் போவம்" என்றார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

சைபர் கிரைம் ஆபீஸ் மாடியில் இருந்தது. "நீ கீழயே உக்காரு அனு" என்றார் அண்ணன்.

"நீங்க தனியாப் போனா பாதியத்தான் சொல்லுவீங்க."

அண்ணி கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று ஏறினார். பின்னால் போன எனக்கு அண்ணன்மேல் அப்படியொரு கோபம். அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியாகிவிட்டது.

எஸ்.ஐ. நர்மதா பொறுமையாகக் கேட்டார். "போட்டோ எத்தன மணிக்குப் போட்டீங்க சார்?"

"ஒம்பது பத்துக்குங்க. நல்ல நேரம் பாத்துத்தான் போட்டேன்."

நர்மதா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பணம் போன வழி அழியாது சார். சிமெண்ட் லாரி போன ரோடு மாதிரி தடம் இருக்கும்."

ஒன்பது பத்திலிருந்து தடம் பிடித்தார். மூன்று கணக்கு தாண்டி, கிரிப்டோவை ரூபாயாக மாற்றித் தரும் ஒரு கம்பெனியில் போய் நின்றது. அங்கே ஒருவன் ஆதார் கொடுத்துக் கணக்குத் திறந்திருந்தான். அதை முடக்க வைத்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் அவன் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான்.

கோர்ட், மனு, வாய்தா என்று பதினான்கு மாதம் ஓடியது. அண்ணி ஒரு தடவைகூடக் கீழே உட்காரவில்லை. கடைசியில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கைக்கு வந்தது.

திருச்சி டாக்டர் செலவைச் சொல்லிவிட்டு, "இப்போதைக்கு ஒரு கால்தான் முடியும். எந்தக் கால்ல வலி ஜாஸ்தி?" என்று கேட்டார்.

அண்ணன் உடைந்து அழுதார். "ரெண்டும் செஞ்சிருக்கலாம் டாக்டர். நாந்தான் கெடுத்துட்டேன்."

அண்ணி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வலி ரெண்டுலயும் ஒண்ணுதாங்க. வலது கால செஞ்சுடுங்க. எடது பக்கம் புடிச்சுக்க இவரு இருக்காரு."