ஆமைக்கு ஓர் ஈரப் பொந்து

கமலவேணி அக்கா வீட்டுக்குள் நான் போய் ஏழு மாதம் ஆகிறது. அரியலூரில் எங்கள் தெருக்காரர்கள் யாருமே போவதில்லை. காரணம், உள்ளங்கை அளவுள்ள ஓர் ஆமை. வீட்டுக்குள் ஆமை ஆகாது என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம். பி.எட். முடித்த எனக்கும் அதே பயம்தான். எதிர்வீட்டு உறவை இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றே நடத்தி வந்தேன்.

அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. அவர் மகன் கலைச்செல்வன் முறையான காகிதங்களோடு வாங்கி வளர்த்த ஆப்பிரிக்க ஆமைக் குட்டி அது. கனடாவுக்கு வேலைக்குப் போனபோது அம்மாவிடம் விட்டுப் போனான். அங்கே அவனுக்கு ஒரு பெண்ணும் பிறந்துவிட்டாள். பேத்தியை அக்கா போனில்தான் பார்த்திருக்கிறார்.

சித்திரை வெயிலில் ஆமை ஐந்து நாளாக எதையும் தின்னவில்லை. தோல் வறண்டு, கண் ஒட்டிக்கொண்டது. அக்கா கேட்டருகே வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

"இவனும் போயிட்டா இந்த வூட்டுல நான் யார் மூஞ்சியப் பாக்குறது வளரு?"

திருச்சியில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவருக்கு நான்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தினமும் என்ன செய்றீங்கம்மா?"

"வெந்நீர்ல குளிப்பாட்டி, துவட்டி, ஃபேன் காத்துல சூட்டு பல்பு பக்கத்துல வெச்சு, சாம்பிராணி காட்டுவேன் சார்."

"சாம்பிராணியா? ஆமைக்கா?"

"குளிப்பாட்டுன புள்ளைக்குக் காட்ட வேணாமா? சளி புடிச்சிடாது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேத்திக்குக் காட்டக் கொடுத்து வைக்காத சாம்பிராணி அது என்று உறைத்ததும் அடங்கிவிட்டது.

"அந்தப் புகைதான்மா கண்ணுக்கு ஆகல. மேல ஃபேன், பக்கத்துல சூட்டு பல்புன்னு உடம்பும் காஞ்சு போயிருக்கு. ஈரமா ஒரு பொந்து செஞ்சு குடுங்க" என்றார் மருத்துவர். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் சொன்னார்.

அக்கா அன்றே வாசற்படியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், சூடாக்கிய கத்தியால் ஆமை நுழையும் அளவுக்கு வழி வெட்டினார். விளிம்பு கீறாதபடி தேய்த்தார். தேங்காய் நார்த்தூளை ஊறவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் உள்ளே பரப்பினார். புட்டு மாவுக்குப் பதம் பார்த்த கை, அதில் தப்பு வராது. ஆமை இருக்கும் மரப்பெட்டியில் வெதுவெதுப்பான பக்கமாக டப்பாவை வைத்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தார். நான் வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்று யோசனை சொன்னேன். அதற்கு என்ன குறைச்சல்?

பத்து நாள் கழித்து முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன்.

"கண்ணத் தொறந்துட்டான் வளரு! கீரையெல்லாம் திங்கறான்."

"அப்பாடா. இனிமே கவலை இல்லக்கா."

"ஆமா. தின்னுட்டு நேரா பொந்துக்குள்ள பூந்துக்கறான். பகலெல்லாம் மூஞ்சியே காட்ட மாட்டேங்கறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீ உள்ள வரலாமே வளரு. ஆமை கண்ணுலயே படாது."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பால் எதுவும் வைக்கவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தம் வெகுநேரம் கேட்கவே இல்லை.