எலிக்குக் கொடுத்த வேர்

எலியை வாலைப் பிடித்துத் தூக்கமாட்டாள் இஃப்பத். முதுகுப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய், கழுத்துத் தோலை மடித்துப் பிடிப்பாள். எலி வாயைத் திறக்கும். முனை மழுங்கிய வளைந்த ஊசியை மெல்ல இறக்கி, மூக்கிரட்டை வேரின் சாற்றை வயிற்றுக்குள் விட்டுவிட்டு, "முடிஞ்சுபோச்சு, முடிஞ்சுபோச்சு" என்பாள். கடித்தாலும் திட்டமாட்டாள். "நான் பண்ற வேலைக்கு இதுகூடக் கடிக்கலேன்னா எப்படி?"

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், ஆராய்ச்சியும் உண்டு. சில எலிகளுக்கு முதலில் வேர்ச்சாறு, பிறகு ஈரல் கெடும் அளவுக்குப் பாராசிட்டமால். மற்றவற்றுக்கு வெறும் பாராசிட்டமால். கடைசியில் ரத்தத்தையும் ஈரலையும் எடுத்துப் பார்த்தால் வேர் காப்பாற்றியதா என்று தெரியும். கறிக்கடையில் ஈரல் வாங்குவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

தெருவில் அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. தண்டவாள ஓரம், காலி மனை என்று மூக்கிரட்டை தேடித் தரையைக் கண்ணால் துழாவிக்கொண்டே வருவாள். பூக்காத செடியைப் பிடுங்கமாட்டாள். சாரணைச் செடியும் கிட்டத்தட்ட அதே ஜாடை. பூவைப் பார்த்தால்தான் உறுதி.

எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் அவளுடைய அம்மா சைதூன் அடுப்படிக்குள் விடுவார். "எலியத் தொட்ட கையோட ஆணச் சட்டிப் பக்கம் வராதே." அதே சைதூன்தான் நிக்கா வீடு முதல் மாவு மில் வரை, "எம்புள்ள ஈரலுக்கு மருந்து கண்டுபிடிச்சிருச்சு" என்று சொல்லி வைத்திருந்தார்.

அது இஃப்பத்தின் சின்னத்தா ஜமால் முகமதுவின் காதுக்கும் போயிருக்கிறது. அவள் அப்பாவின் தம்பி. தோல் மண்டி வைத்திருந்தவர். ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதருக்கு ஈரல் சுருங்கிவிட்டதென்று மதுரையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாடிக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மூக்கிரட்டை வேர்ப்பொடி. நானும் அங்கேதான் இருந்தேன்.

"மாத்திரைய நிறுத்திட்டேன்மா. இப்ப ஒன் மருந்துதான்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"அது இருக்கும் ரெண்டு மாசம், நோன்புப் பெருநாள்லருந்து."

இஃப்பத் குரலை உயர்த்தவில்லை. "எலிக்கு ஈரல் கெடுறதுக்கு முன்னாடியே வேரக் குடுத்துட்டேன் சின்னத்தா. ஒங்களுக்குக் கெட்டுப்போயி நிக்குது. கெட்டதை இது சரி பண்ணுமான்னு நான் பாக்கவே இல்ல."

"எலிக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா? எலியக் காட்டியும் கேவலமாவா போயிட்டேன்?"

"எலின்னா கூண்டுல வச்சிருப்பேன். இப்படி இஷ்டத்துக்கு மாத்திரைய நிறுத்திட்டு வந்து நிக்காது."

அவர் சிரித்தார். சைதூன் அடுப்படி வாசலில் நின்றபடி, "ஒரு பெருமைக்குச் சொன்னதும்மா" என்றார்.

இஃப்பத் சின்னத்தாவின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனாள். கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, கண் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். இன்னொரு கண்ணையும் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்."

"இப்பவேயா? செத்த நேரம் உக்காந்துட்டு, ஒரு வாய் சாப்ட்டுப் போவோம்."

அவள் வாசலுக்குப் போய்க் குனிந்தாள். அவருடைய செருப்புகளை எடுத்து, கால் நுழைக்க வாகாக, படியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.