மஞ்சள் பூ மரத்துக்குச் சட்டை

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நஜீமுதீன் எண்பத்தாறில் காங்கேயம் ரோட்டில் வீடு கட்டிக் குடிவந்தபோது, வாசலில் ஒரு மஞ்சள் பூ மரம் வைத்தார். கோயம்புத்தூரில் ஏதோ பங்களாவில் பார்த்து மயங்கி, விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மூன்றே வருடத்தில் பூத்துக் கொட்டியது. பஸ் டிரைவர்களே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

காய் வெடித்தால் காகிதச் சருகு மாதிரி விதைகள் பறக்கும். ஆடிக் காற்று அவற்றை எங்கே இறக்குகிறது என்று அவர் யோசிக்கவேயில்லை.

கிழக்கே இருந்தது மருதம்மாளின் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் மண்டிய மேய்ச்சல் நிலம். அவளுடைய இரண்டு மயிலைப் பசுக்களுக்கும் அதுதான் சோறு. தொண்ணூற்றிரண்டு மழையில் புல்லை அமுக்கிக்கொண்டு ஒரு புதர் கிளம்பியது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.

"எந்தக் குருவி எச்சம் போட்டுதோ, நாசமாப் போக!" என்றாள் மருதம்மாள்.

இலையைப் பார்த்ததுமே நஜீமுதீனுக்கு அது தன் வாசல் மரத்தின் குட்டிதான் என்று தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் போய்ப் புதர் பிடுங்கிக் கொடுத்தார். பூ வந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! வீட்டு மரத்தின் காய்க்கொத்துகளுக்கு, கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன் கைகளை மாட்டிக் கட்டினார். கேட்டவர்களிடம், "கிளி கொத்துதுங்க" என்றார்.

மருதம்மாளோ, "அவரு மனுசரில்லீங்க, சாமி!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிடுங்கும் இடத்துக்கே மோர் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் தலை நிமிராமல் வாங்கிக் குடிப்பார். புல் போதாமல் ஒரு பசுவை அவள் விற்ற அன்று, அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறு வருடம் அவளே வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க பாய், எம்பட புள்ள அவிநாசில ஊடு கட்டியிருக்குது. உங்க மரத்துல நாலு வெதை குடுங்க. வாசலுக்கு லட்சணமா இருக்கும்."

"புங்கமரம் வைங்க, மருதக்கா. பூவரசு வைங்க. இது வேண்டாமுங்க."

"ஏனுங்க, எங்க ஊட்டுக்கு மஞ்சப்பூ ஆகாதுங்களா?"

"உங்க காட்டுல நான் புடுங்கறது இதத்தானுங்க. குருவி இல்லீங்க... நாந்தான்."

சட்டை மாட்டி நின்ற மரத்தையும் அவரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"மோரு குடிச்சீங்களே, பாய்" என்றாள் கடைசியில்.

அன்றே மரத்தை வெட்டினார். அடிக்கட்டை துளிர்த்துக்கொண்டே இருந்தது. அவரும் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தார். ஞாயிறுதோறும் கொரங்காட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

மோர் மட்டும் வரவில்லை.